நாலாவது பட்டை

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் வலதுசீட்டுக்காரர். விமானி அறையில் இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட். கேப்டன் தோளில் நான்கு பட்டை, கோ-பைலட் தோளில் மூன்று. இவர் பெரிய கம்பெனியில், கடல் தாண்டிப் போகிற பெரிய விமானத்தில், வருஷக்கணக்காக மூன்று பட்டையோடு வலது பக்கமே உட்கார்ந்திருந்தார். திறமைக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே எல்லாம் சீனியாரிட்டிதான். முன்னால் இருப்பவர் ரிட்டயர் ஆகாமல் பின்னால் இருப்பவர் நகர முடியாது. முன்னால் இருந்தவர்களோ குத்துக்கல் மாதிரி இருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது மச்சினனை, அதாவது மனைவியின் தம்பியை. இவருக்கு ரொம்ப வருஷம் கழித்து விமானியானவன், அதுவும் நேற்று முளைத்த ஒரு சின்னக் கம்பெனியில். கம்பெனி கிடுகிடுவென்று வளர, அவன் மளமளவென்று கேப்டனாகிவிட்டான். சின்ன விமானம்தான், சம்பளமும் இவரைவிடக் குறைவுதான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் மாமனார், "கேப்டனுக்கு இன்னும் கொஞ்சம் வை" என்று மாமியாரிடம் சொல்லும்போது, காலித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இவர். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்!

இந்த நிலையில்தான் இரண்டு கம்பெனியும் ஒன்றாகப் போகின்றன என்ற செய்தி வந்தது. வேலை போகுமோ, சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று மற்றவர்கள் கதிகலங்கிப் போனார்கள். இவருக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. இரண்டு பக்கத்து விமானிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டுமே! இப்போது வகிக்கிற பதவியை வைத்து நிறுத்துங்கள் என்றார்கள் சின்னக் கம்பெனிக்காரர்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்து நிறுத்துங்கள் என்றார்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். இவர் சங்கக் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்தினார்.

"நாம இத்தனை வருஷம் உழைச்சிருக்கோம். நேத்து வந்தவன் நம்ம தலைக்கு மேல உக்காருவானா?"

நியாயத்துக்காகப் போராடுகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நியாயமாவது, மண்ணாவது! அவர் கண்முன் நின்றது ஒரே ஒரு ஆள்.

கடைசியில் தேதிதான் ஜெயித்தது. இருக்கிற சீட்டை யாரும் இழக்க வேண்டாம், இனிமேல் காலியாகிற இடங்களுக்கு மட்டும் புது வரிசை என்று முடிவானது. அந்த வரிசையில் மச்சினன் இவருக்கு எங்கேயோ கீழே போய்விட்டான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் காலியானது சின்ன விமானத்தில் கேப்டன் இடங்கள். அதற்குப் போனால் இவருக்குச் சம்பளம் குறையும். புது சீட்டில் உட்காருகிறவர் ஐந்து வருஷத்துக்கு வேறு சீட்டுக்கு மாறவும் முடியாது. அதைச் சொல்வதற்கென்றே மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"அத்தான், இதுக்கு மட்டும் அப்ளை பண்ணிடாதீங்க. பெரிய விமானம் புதுசா வாங்கப்போறதா பேச்சு அடிபடுது. உங்க சீனியாரிட்டிக்கு அதுலயே கேப்டன் ஆயிடலாம்."

"வெறும் பேச்சுதானே?"

"பேச்சுதான். ஆனா இப்ப போய் மாட்டிக்கிட்டீங்கன்னா அஞ்சு வருஷம் அசைய முடியாது."

"பாக்கலாம் மச்சான்" என்று சிரித்துவைத்தார். உள்ளே பொருமினார். பார்த்தாயா, என் தோளில் நாலாவது பட்டை ஏறுவது இவனுக்குப் பொறுக்கவில்லை! தன்னைப் போலத்தான் உலகமே என்ற நினைப்பு அவருக்கு.

"அவன் உங்க நல்லதுக்குத்தாங்க சொல்றான்" என்றாள் மனைவி.

"உன் தம்பிய நீ என்னைக்கு விட்டுக்கொடுத்திருக்க?"

அவன் காபி குடித்த டம்ளர் கழுவப்படுவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கேட்ட இடம் கிடைத்தது. பயிற்சி முடிந்தது, நாலாவது பட்டை தோளில் ஏறியது. சட்டை மாற்ற நேரமில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, யூனிஃபார்மோடு நேரே மாமனார் வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் மச்சினன் இருந்தான்.

"வாங்க கேப்டன்!" என்றார் மாமனார்.

காது குளிர்ந்துபோயிற்று. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷம்! நிதானமாக, தோள் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார்.

"சரியான சமயத்துல வந்தீங்க" என்றார் மாமனார். "இவனுக்குப் பெரிய விமானத்துல கேப்டன் போஸ்ட் வந்திருக்கு."

கம்பெனி நிஜமாகவே விமானங்களை வாங்கிவிட்டது. வரிசையில் மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் இவரைப் போல அவசரப்பட்டுச் சின்ன விமானத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி வாய்ப்பு மச்சினன் வரைக்கும் வந்துவிட்டது.

"உங்களுக்கு வர வேண்டியது அத்தான்" என்றான் அவன். "அந்த விமானம் உங்களுக்கு அத்துப்படி. ட்ரெய்னிங் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

அவன் முகத்தில் ஒரு நக்கல், ஒரு குத்தல் இருக்காதா என்று துருவித் துருவிப் பார்த்தார். மருந்துக்குக்கூட இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது ஆறியிருப்பார்.

"அதுக்கென்ன மச்சான், தாராளமா" என்றார்.

"கேப்டனுக்கு இன்னும் கொஞ்சம் வை" என்றார் மாமனார்.

இருவரும் நிமிர்ந்தார்கள். மாமியார் கரண்டியோடு நேரே மகன் தட்டுக்குப் போனார்.