ஒரே மூச்சில் எட்டு லிங்கம்

டிவி ரிமோட் திடீரென்று செத்துப்போயிற்று. கடைக்குப் போய் பேட்டரி வாங்கச் சோம்பல். அலமாரி டிராயரைக் குடைந்தபோது அடியில் அது கிடந்தது, ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் குட்டி மெஷின். கொரோனா சமயத்தில் இது ஒன்று கிடைக்காதா என்று ஊரே அலைந்தது. மூடியைத் திறந்து இரண்டு பேட்டரியையும் கழற்றி ரிமோட்டில் போட்டேன். சீரியல் ஓட ஆரம்பித்தது. என் நன்றியுணர்ச்சி அவ்வளவுதான்.

ஆனால் மெஷினில் இன்னும் சானிடைசர் வாசனை இருந்தது. அந்த வாசனைக்கு எனக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலக ஹால்தான் ஞாபகம் வரும். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த என்னைப் போன்ற ஆறு பேரை அங்கே உட்காரவைத்து ஆளுக்கொரு செல்போன் கொடுத்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் கிடையாது. அப்பா மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். நோயோடு வீட்டிலேயே தனியாக இருப்பவர்களுக்குத் தினமும் போன் செய்து, காய்ச்சல் உண்டா, மெஷினில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் வேலை.

சுலபம் என்றுதான் நினைத்தேன். நம் ஊர்க்காரர்களிடம் போனில் உடம்பு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். உயிர் போகிற நிலையிலும் முதல் வார்த்தை "நல்லாகீறேன்" என்றுதான் வரும். அதனால் ஹாலில் இருந்த டாக்டர், "ஒரே மூச்சுல இருபது வரைக்கும் எண்ணச் சொல்லுங்க, எங்க மூச்சு வாங்குதுன்னு கேளுங்க" என்றார். எண்ணச் சொன்னால் சிலர் சிரித்தார்கள், சிலர் "நான் என்ன ஸ்கூல் புள்ளயா?" என்று கோபித்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்தையும் வரிசையாக, மூச்சு விடாமல் சொல்லச் சொன்னேன். இதைச் சொல்ல யாரும் வெட்கப்படவில்லை. பௌர்ணமி நடை நின்றுபோயிருந்த நாட்கள் அவை. போனிலேயே மலையைச் சுற்றிவந்த மாதிரி சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

சகுந்தலாக்கா என் பட்டியலில் இருந்தவர். அடி அண்ணாமலையில், பாதையோரம் டீக்கடை. மகன் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் அவர் மட்டும். போனை எடுத்ததும் "சொல்லு பாப்பா" என்பார். கடைக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய கணீரென்ற குரல். தொண்ணூற்றேழு, அடுத்த நாள் தொண்ணூற்றாறு, அதற்கடுத்த நாள் தொண்ணூற்றைந்து. எண் நன்றாக இருந்ததால் அவரிடம் நான் லிங்கம் கேட்டதே இல்லை. நாற்பது பேருக்குப் போன் செய்ய வேண்டும் அல்லவா?

நாலாம் நாள் "தொண்ணூத்தெட்டு" என்றார். "ஏறிடுச்சு பாரு."

"சூப்பர்க்கா" என்று நோட்டில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டேன். போனை வைக்கப்போன என்னை அவர்தான் நிறுத்தினார்.

"பாப்பா, எதிர்வீட்டு வசந்தாவ தெனம் லிங்கம் சொல்லச் சொல்றியாமே. என்ன மட்டும் கேக்கவே இல்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "சரி, சொல்லுங்கக்கா."

"இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம்..." வேகமாகத்தான் ஆரம்பித்தார். நாலாவது, நிருதி லிங்கத்தில் குரல் இறங்கியது. "வருண லிங்கம்" என்று நின்றார். காத்திருந்தேன். ஒரு மூச்சு கேட்டது, இன்னொரு மூச்சு கேட்டது.

"மறந்துட்டன் பாப்பா."

வருண லிங்கத்தைத் தாண்டினால் அவர் ஊர். அங்கேயே பிறந்து, அங்கேயே டீ ஆற்றியவருக்கு அடுத்த லிங்கம் மறக்குமா? டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதில் போனவர் பேசினார். "மேடம், அந்தம்மா படுத்துக்கினே மெஷின தலைகீழா பாத்துருக்காங்க. எண்பத்தாறு."

எண்பத்தாறைத் தலைகீழாகப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு. நம்பாவிட்டால் எண்ணாக எழுதித் திருப்பிப் பாருங்கள். அன்று அந்த நட்சத்திரத்தை அழிக்க ரப்பர் தேடினேன். பேனாவில் போட்டதை எப்படி அழிப்பது? பாத்ரூமில் போய் அழுதேன். எதிர்வீட்டுக்காரி மேல் அவருக்கு அந்தப் பொறாமை வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

பதினோராம் நாள் அவரே அழைத்தார். வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஹலோ சொல்லக்கூட விடாமல் இந்திரனில் தொடங்கி ஈசானியம் வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். "இப்ப எழுதிக்கோ. அடுப்புல பால் கீது, வெக்கிறேன்." அந்தக் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி. நோயாளிகள் குறைந்ததும் எங்களை அனுப்பிவிட்டார்கள், செல்போனை வாங்கிக்கொண்டார்கள். அவர் நம்பர் இருந்த நோட்டு எந்த மூட்டையில் போனதோ.

பௌர்ணமி நடை மறுபடி தொடங்கியதிலிருந்து நானும் போகிறேன். அடி அண்ணாமலை வந்தால் கால் தானாக மெதுவாகும். பெயரைச் சொல்லி விசாரிக்கலாமே என்பீர்கள். விசாரித்தேன். மகனோடு போய்விட்டார் என்றார் ஒருவர், இல்லை, கடையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார் என்றார் இன்னொருவர். முகம் நான் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும், அதை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இப்போது கடைக்காரர்கள் யாரும் தொண்டை திறந்து கூப்பிடுவதில்லை. கடைக்குக் கடை ஒரு சின்ன ஸ்பீக்கர் கட்டித் தொங்குகிறது. "வாங்க, வாங்க, சூடா டீ, சுக்குக் காபி" என்று பதிவுசெய்த குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. போன பௌர்ணமிக்கும் ஒரு கடை முன்னால் நின்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மூச்சு வாங்கவே இல்லை.