ஆண்களுக்கான மாத்திரையும் என் கணவரின் கண்ணாடியும்

இன்றைக்கு நானும் கணவரும் வெள்ளவத்தையில் ஃபார்மசிக்குப் போனோம், என்னுடைய கருத்தடை மாத்திரை வாங்க.

கடைக்காரர் வழக்கம்போல அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றினார், ஏதோ களவுச் சாமானைப்போல.

அந்த நேரம் போனில் ஒரு செய்தி. ஆண்களுக்கும் ஹோர்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கிறார்களாம். ஆசையோடு கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"சும்மா இரும். தலையிடி வருமோ, தலைமயிர் கொட்டுமோ, ஆருக்குத் தெரியும்? உடம்போட விளையாடக்கூடாது" என்றார்.

இன்னும் கடைக்கே வராத மாத்திரை!

"எனக்கு இவ்வளவு வருஷமா தலையிடியும் வயித்துப்பிரட்டலும் சத்தியும் இருக்கே?"

"உமக்கு அது பழகிட்டுதுதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரருக்கு முன்னாலேயே சுற்றிய தாளைக் கிழித்து, பெட்டிக்குள் இருந்த பக்கவிளைவுத் தாளை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப வாசியுங்கோ."

தூரப் பிடித்தார். கிட்டப் பிடித்தார்.

"எழுத்து சரியான சின்னன். கண்ணாடி கொண்டுவரேல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே கண்ணால் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டு வந்தார்.

உங்கள் வீட்டு ஆண்களில் அந்தச் சின்ன எழுத்தை வாசித்தவர் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்க வேண்டும்.