அத்தையின் செஸ்ஸுக்குப் போட்ட பூட்டு

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் டாக்டர்களின் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுபவர். அவர் கை பட்ட காலரில் சுருக்கம் தேடுவது வீண் வேலை. ஐம்பதைத் தாண்டிய பிறகு போனில் செஸ் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்று சும்மா சொல்கிறேன், அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. குளிக்கப் போகுமுன் ஓர் ஆட்டம், அடுப்பில் எது கொதித்தாலும் ஓர் ஆட்டம், எல்லாம் முகம் தெரியாத ஆட்களோடு. பஸ்ஸில் ஆடிக்கொண்டே போய், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, கடைசி நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்த கதையும் உண்டு.

சலவைக்கூடத்திலும் போனைக் கஞ்சி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொள்வார். ஒரு கோட்டை மடித்து வைத்தால் ஒரு காய் நகர்த்தலாம் என்று தனக்குத்தானே சட்டம் போட்டிருந்தார். எதிராளி ஒருவன் ராணியை மடக்கும்வரை சட்டம் நன்றாகத்தான் ஓடியது. அன்று மடிப்பதற்கு முன்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இஸ்திரிப்பெட்டி தலைமை டாக்டரின் கோட்டின் மேல், அத்தையின் கண் ராணியின் மேல். புகை கிளம்பியது, பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார். இன்னொரு முறை நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு போதும். அம்மாவின் போனை வாங்கி, நாளுக்கு அரை மணி நேரம்தான் என்று பூட்டு வைத்தார். திறக்கும் எண் அவரிடம் மட்டும். பிறகு சோபாவில் சாய்ந்து, சாயங்காலம் முழுக்கத் தன் போனில் கார் வீடியோ பார்த்தார். எங்களிடம் சைக்கிள்கூடக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தை முந்திக்கொண்டு, போனை மகன் மடியிலேயே வைத்தார்.

"இதை நீயே வெச்சுக்கோ. பூட்டு போட்ட போன் எனக்கு வேண்டாம்."

எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று இவர் இழுத்தார். வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்றும் கேட்டார்.

"கோட்டைக் கருக்கினது நான்தான். தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஆனா நிறுத்த வேண்டியதும் நான்தான்டா. நீ பூட்டி நான் நிறுத்தினா, நீ அசந்த அன்னிக்கு மறுபடியும் கருக்குவேன்."

சில நாள் போன் அலமாரி மேல் கிடந்தது. அத்தையின் கை மட்டும் அடிக்கடி சோபாவின் ஓரத்தைத் துழாவும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் கெஞ்சவில்லை. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. கடைசியில் இறங்கி வந்தது மகன்தான். பூட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தார். அத்தை புதுச் சட்டத்தைச் சொன்னார்: வேலைக்குப் போன் வராது, கிளம்பும் நேரம் வந்தால் ஆட்டம் எப்படி இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இவர் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் காலையிலேயே பார்த்தோம். எதிராளியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும்தான் மிச்சம். அத்தையிடம் இரண்டு யானைகளும் இருந்தன. அந்த நேரம் பார்த்து பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அத்தை போனை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அம்மா, ஜெயிக்கப் போற ஆட்டம். ஒரு நிமிஷம் ஆடிட்டுப் போயேன்."

"தோத்தா தோத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்து ஆடி, ஜெயித்தும் கொடுத்தார். உடனே வேறொருவன் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். இவர் ஆபீசுக்குப் போக வேண்டிய பஸ் தெருமுனையில் நின்றது, கிளம்பியும் போனது. தலையைத் தூக்காமலே மணி என்ன என்று என்னிடம் கேட்டார். கடிகாரம் அவர் தலைக்கு நேர் மேலேதான் தொங்கியது. நான் சொல்லவில்லை.