அமேசான் கரையின் கிழங்குப் பானை

எங்கள் மரவள்ளிக் காட்டில் குச்சிக் கிழங்கு பிடுங்கிய நாள் அது. மதியம் சோறு தின்று, வெற்றிலை போட்டுக்கொண்டு, வழக்கமான ஓடைப் பாறையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்தேன். அமேசான் ஆற்றங்கரை. பிள்ளைகள் படகில் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் கிழங்கையே அங்கே பெண்கள் அவித்து, வாயில் மென்று, பானைக்குள் துப்பினார்கள். அது புளித்ததும் வீடே குடிக்குமாம். வருகிற விருந்தாளிக்கும் அதுதானாம்.

எனக்குக் குமட்டியது. "கருமம், மனுசங்களா இவங்க?" என்று வாயிலிருந்த சாற்றை ஓடையில் துப்பினேன்.

பத்தடி கீழே, கிழங்கு பிடுங்க வந்த லட்சுமி அக்கா தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. சிவப்பாக அது அவர் குடத்தருகே போய்ச் சேர்ந்தது.

"ஏனுங்க, குடிக்கிற தண்ணீங்க இது."

நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு, என்னைத் தாண்டி மேலே போய் மொண்டுவந்தார். எனக்கும் ஒரு சொம்பு நீட்டினார். வாங்கிப் பாறைமேல் வைத்தேன்.

அந்தப் பெண்கள் தங்கள் பானையில், தாங்களே குடிக்கத் துப்புகிறார்கள். நான் இந்தப் பாறையில் எத்தனை வருடமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டு ஓடையில் துப்புகிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். குமட்டல் அன்று முழுக்கப் போகவில்லை.