எந்தக் கன்னத்தில் மச்சம்?

போன வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறையில் ஒரு அம்மா, மகளின் சிலையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தடவின கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைகளே, இந்த வாரம் சிரிக்கிற கதை இல்லை. சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

துவாக்குடியில் நான் பார்க்கிற வேலை உங்களுக்குத் தெரியும் — சிலை வார்ப்பது. கூட வேலை பார்க்கிற ரியாஸ் கம்ப்யூட்டரில் உருவத்தைச் செய்வான். 3டி பிரிண்டர் அதை பிளாஸ்டிக்கில் அடித்துத் தரும். அதன்மேல் ரப்பரை ஊற்றி நான் அச்சு எடுப்பேன். அச்சுக்குள் மூக்கு பள்ளமாக இருக்கும், கண்குழி மேடாக இருக்கும்... அதில் ரெசின் என்கிற பிசினை ஊற்றி, இறுகியதும் ரப்பரை உரித்தால் சிலை.

"அண்ணே, நான் தப்பு பண்ணா ஒரு பட்டன்ல சரியாயிடும். நீங்க பண்ணா குப்பைத்தொட்டிதான்!" என்பான் ரியாஸ்.

"போடா. நீ கொடுக்கிறதைத்தான் அச்சு திருப்பிக் கொடுக்கும்" என்பேன்.

அந்த அம்மாவின் மகள் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாள். பள்ளிக்கூடம் போகிற வயசு. அந்தச் சனிக்கிழமை காலை சர்ச்சில் அவளுக்கு வருஷப் பூசை. பூசை முடிந்ததும் கல்லறையில் வைக்கத்தான் இந்தச் சிலை.

"தம்பி... மச்சம் எங்கே?"

"இருக்கேம்மா, பாருங்க." ரியாஸ் வலது கன்னத்தைக் காட்டினான். கடுகு மாதிரி மேடாக ஒரு மச்சம்.

"இல்லப்பா. பவுடர் போடறப்ப இந்தப் பக்கம்தான் கையில தட்டும்." அவர் விரல் இடது கன்னத்திலேயே இருந்தது.

ரியாஸ் அவர் போனை வாங்கிப் பார்த்தான். அவர் கொடுத்திருந்த படங்கள் எல்லாமே செல்ஃபி! கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாறிப் பதிகிற போன். மச்சம் மட்டுமா? வகிடு, ஒரு பக்கமாக இழுக்கிற சிரிப்பு... எல்லாமே பக்கம் மாறியிருந்தன.

"வேற யாராவது எடுத்த போட்டோ இல்லையாம்மா?"

"நான் எங்கே எடுத்தேன்? 'நீ எடுத்தா ஆடிடும்மா'ன்னு போனைப் பிடுங்கி அவளே எடுத்துக்குவா."

கம்ப்யூட்டரில் மாற்ற ஒரு பட்டன் போதும். புது அச்சும் புது வார்ப்பும் காலைக்குள் நடக்குமா?

"இன்னொன்னு செஞ்சு தரோம்மா. ஆனா நாளைக்கு முடியாது. இதை உடைச்சிடறோம்" என்றேன். தப்பான வார்ப்பை உடைப்பதுதான் எங்கள் வழக்கம். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"ஐயோ, முகத்தைப் போய் உடைப்பாங்களா?"

சிலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. கண்ணாடியில அவ பார்த்துக்கிட்ட முகம் இதுதானே? இது அவகிட்டயே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச முகத்தை நான் வெச்சுக்கறேன்."

முந்தானையால் சிலையைத் துடைத்து, மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அன்று முழுக்க ரியாஸ் என்னைக் கிண்டல் பண்ணவே இல்லை.

பிள்ளைகளே, இன்றைக்கு ஒரே ஒரு படம் எடுக்கச் சொல்லி போனை அம்மாவிடம் கொடுங்கள்.

ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும்.