பார்வைக்கு ஒரு சமையலறை

அரிமளத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில், வெளிநாட்டுப் பணத்தில் எழும் வீடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமையலறைகள். ஒன்று காட்டுவதற்கு, மற்றொன்று சமைப்பதற்கு. துபாயில் வேலை பார்க்கும் என் அண்ணன் கட்டிய வீடும் இந்த மடமையிலிருந்து தப்பவில்லை. உள்ளே கிரானைட் மேடை, கேஸ் அடுப்பு, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் சிம்னி எல்லாம் பளபளத்தன. சிம்னியின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட எவரும் உரிக்கவில்லை. அண்ணி சமைத்ததோ பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில், தைலமர விறகில்.

உள்ளே தாளித்தால் டைல்ஸ் மஞ்சளாகிவிடுமாம். ஒரு பெண்ணின் நுரையீரலைவிடச் சுவர் முக்கியம் என்று எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அதன்படி நடந்தார்கள். விறகுப்புகை என்ன செய்யும் என்று மகளிர் குழுக்களிடம் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை. என் வீட்டில் அதைப் படித்தவளின் பிதற்றல் என்றார்கள்.

அண்ணிக்கு இழுப்பு வந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று மூச்சு வாங்குவார். புகை கூடவே கூடாது, இப்படியே போனால் நுரையீரல் தேறாது என்று புதுக்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் விடுப்பில் வந்தபோது தீர்வைக் கையோடு கொண்டுவந்தார்: காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம். அதை வைத்தது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டால் சிவப்பு. யாரும் இருமாத ஹாலில் அது நாள் முழுவதும் பச்சையாகவே எரிந்தது. பார்க்க வந்தவர்கள் அதன் முன் நின்று ஆழமாக மூச்சிழுத்து, வித்தியாசம் தெரிகிறது என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கான குழம்பைப் பின்னால் அண்ணி இருமியபடி கூட்டிக்கொண்டிருந்தார்.

இது இருக்கவேண்டிய இடம் கொட்டகையல்லவா என்று கேட்டேன். அண்ணன் பெருந்தன்மையோடு அதைத் தூக்கிப்போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பருகே வைத்தார். உடனே சிவப்பு, உள்ளிருந்த விசிறி அலறியது. மனைவியின் இருமலுக்குப் பதறாத மனிதர் பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, ஹாலுக்கு ஓடிவந்து, அதைத் தன் துண்டால் துடைத்தார். மறுபடி பச்சை எரிந்த பிறகுதான் முகம் தெளிந்தது.

"பொகையில வச்சா ஃபில்டர் போயிரும்த்தா. இது அங்கிட்டு வைக்கிற சாமான் இல்ல" என்றார் என்னிடம்.

பின்வாசலில் கரண்டியோடு நின்ற அண்ணி கேட்டார்: "மெசினுக்கே ஆகாதுங்கிறீங்க. எனக்கு மட்டும் ஆகுமாங்க?"

அண்ணன் ரிமோட்டைத் தேடினார். அண்ணி கொட்டகைக்குத் திரும்பினார். பாதி கொதித்த குழம்புச் சட்டியை உள்ளே கொண்டுவந்து கேஸ் அடுப்பில் ஏற்றினார். பிளாஸ்டிக் தாளைக் கிழித்துச் சிம்னியை ஓடவிட்டார். கேஸ் அடுப்பும் குற்றமற்றதன்று. மூடிய அறையில் எண்ணெய் காய்ந்தால் அதுவும் தொண்டையைப் பிடிக்கும். சிம்னி அதற்குத்தான், அலங்காரத்துக்கல்ல.

மறுநாள் அண்ணனோடு துபாயில் வேலை பார்ப்பவர் குடும்பத்துடன் சாப்பிட வருவதாக இருந்தது. அந்த ஒருநாள் மட்டும் சமையலைப் பின்னால் வைத்துக்கொள்ளும்படி அண்ணன் குழைந்தார். அண்ணி கோட்டைப்பட்டினத்து மீனை உள்ளேயே பொரித்தார். வாசலில் கார் வந்து நின்றதும் அண்ணன் ரூம் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு ஹால் முழுக்க அடித்தார். மல்லிகை என்று டப்பாவில் எழுதிய அந்த நெடியில் அண்ணிக்கு மீண்டும் மூச்சு இழுத்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, ஹாலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"தூசி வரும்ல. சோபா என்னத்துக்காகும்?" என்றார் அண்ணன், வாசலைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில்.

"வந்தாத் தொடச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி மீனைத் திருப்பிப் போடப் போனார்.