அழனிடம் சொல்லிவிட்டு

என் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருபத்திரண்டு வருஷ வேலை. ஆள் சரியான கல்லுளிமங்கன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்ததும் மாயாஜாலக் கதை எழுத உட்கார்ந்துவிடுவார். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். தலையெழுத்தே என்று அதைத் தட்டச்சு செய்தது நான்.

கதையில் ஒரு மந்திரவாதி செத்தவர்களை எழுப்பிப் படை சேர்க்கிறான். அந்தப் படையாட்களை அண்ணன் அழன் என்று எழுதினார். பிணத்துக்கு அப்படி ஒரு பழைய சொல் இருப்பதை நைந்துபோன ஓர் அகராதியில் கண்டுபிடித்தாராம்.

"பிணம்னு எழுதக் கை வரல. அழன்னா யாரோ ஒரு ஆளைக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றார். எழுதித் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது வருஷத்தில் நாவல் முடிந்தது. நான்கு பதிப்பகங்கள் கையை விரித்தன. ஐந்தாவது பதிப்பாசிரியருக்கு அழனை ரொம்பப் பிடித்துப்போனது. கடைசி அத்தியாயத்தில்தான் முரண்டு பிடித்தார். அதில் கதாநாயகி ஒவ்வொரு அழனிடமும் போய், "கண்ணை மூடிவிடறேன், படுத்துக்கோங்க" என்கிறாள். அவர்களும் படுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், படை கலைந்துவிடுகிறது.

"எவ்வளவு பெரிய படை சார்! மொத்தமா கொளுத்த வேணாமா?" என்றார் அவர் போனில். கொளுத்தினால் புத்தகம் வரும், இல்லாவிட்டால் வராது.

"கொளுத்திடுண்ணே. காகிதம்தானே?" என்றேன்.

"முடியாது."

"இதை விட்டா வேற ஆள் கிடைக்க மாட்டாங்க."

"கிடைக்கலைன்னா போகட்டும்."

எனக்கு அப்படி ஒரு கோபம். ஒன்பது வருஷம் என் விரலும்தானே தேய்ந்திருக்கிறது? நேரில் பேசினால் அண்ணன் இறங்கி வருவார் என்று நம்பி, பதிப்பாசிரியரை ஒப்பந்தத்தோடு ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தேன். நானும் போனேன். பிணவறைக்குள் அன்றுதான் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தேன்.

நாங்கள் அலுவலக அறையில் உட்கார்ந்த நேரம், தன் அப்பாவை அடையாளம் காட்ட ஒரு பெண் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். திறந்த கதவு வழியே எல்லாம் கேட்டது.

"ஐயா, உங்க பொண்ணு வந்திருக்காங்க. முகத்தை மட்டும் திறக்கறேன்."

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகுதான் துணியை மடித்தார். அந்தப் பெண் மெல்லக் கிட்டே வந்து நெற்றியைத் தடவி, "அப்பா, நான்தாம்பா" என்றாள்.

அவள் போனதும் பதிப்பாசிரியர் கேட்டார்: "எப்பவும் சொல்லிட்டுத்தான் தொடுவீங்களா?"

"ஆமா சார்."

"சொல்லலைன்னா என்ன ஆயிடும்?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஆயிடும்."

பதிப்பாசிரியர் பேனாவை எடுத்து, ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனையை மட்டும் அடித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த அத்தியாயத்தை வரிக்கு வரி தட்டச்சு செய்தவள் நான். அதுவரை அதைக் கற்பனை என்றே நினைத்திருந்தேன்.